எல்லாம் ஒரே ‘டம் டம்’ இல்ல: முத்துக்கரையிலிருந்து ஒரு நடன இசை வரலாறு

இந்த எபிசோடின் ஒலி வடிவத்தைக் கேட்டு எழுதி, சற்றே சுருக்கித் திருத்திய வடிவம் இது.

போன வாரம் ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. “அண்ணா, ஹவுஸ், டெக்னோ, ட்ரான்ஸ், டிரம் அண்ட் பேஸ்னு ஆப்ல தனித்தனியா போட்டு வச்சிருக்கான். எனக்கு எல்லாமே ஒரே டம் டம்மாதான் கேக்குது. இப்படிப் பிரிக்கிறதே சும்மா பந்தா தானே?”

பாதி சரி. இன்னைக்கு நூத்துக்கணக்குல இருக்கிற பெயர்கள்ல பல, விக்கிறவன் அலமாரியில ஒட்டின சீட்டுதான். ஆனா அடிப்படையான ஐந்தாறு பெயர்கள் அப்படி இல்ல. அவை விலாசங்கள். எந்த ஊர், எந்த மாதிரி ஆட்கள், எந்த மெஷின், எப்படிப்பட்ட ஒரு அறையில ஆடினாங்கன்னு அந்தப் பெயருக்குள்ள எழுதியிருக்கு. மொத்தத்தையும் ‘இடிஎம்’னு ஒரே மூட்டையா கட்டும்போது முதல்ல காணாம போறது அந்த ஆட்கள்தான். இன்னைய எபிசோட் அதைப் பத்தி.

நான் தூத்துக்குடிக்காரன். அதனால சிகாகோவுக்குப் போறதுக்கு முன்னாடி எங்க ஊர்க் கடற்கரையில நின்னு காதைக் கொஞ்சம் பழக்கிக்குவோம்.

கடலோரத்துல ‘அம்பா’ன்னு ஒரு வகைப் பாட்டு உண்டு. மன்னார் வளைகுடாவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், தமிழ் பேசுற மீனவர்கள் வலை இழுக்கும்போதும் படகு தள்ளும்போதும் பாடுறது. ஒரு குரல் எடுத்துக் கொடுக்கும், மத்தவங்க சேர்ந்து திருப்பிச் சொல்வாங்க. அந்தத் திருப்பிச் சொல்லல் அழகுக்காக மட்டும் இல்ல. இருபது பேர் ஒரே நொடியில இழுத்தாத்தான் வலை நகரும். அந்த நொடியைக் காட்டிக் கொடுக்கிறது பாட்டோட வேலை. ‘ஏன் திரும்பத் திரும்ப அதையே பாடுறீங்க’ன்னு கரையில யாரும் கேக்க மாட்டாங்க.

நடன இசையும் இப்படி ஒரு வேலைக்கருவிதான். ஹாலில் இருக்கிற இருநூறு உடம்புகளை ஒரே நொடியில சேர்க்கணும். டிஜே ஒரு ரெக்கார்டு முடியறதுக்கு முன்னாடியே அடுத்ததை அதுமேல ஏத்தி, ரெண்டு அடியையும் ஒண்ணுமேல ஒண்ணா பொருத்தணும். அதுக்குத்தான் இந்தப் பாட்டுகள் ஆறேழு நிமிஷம் ஓடுது. ஆரம்பத்துலயும் கடைசியிலயும் வெறும் அடி மட்டும் வருது. ஹெட்போன்ல தனியா உக்காந்து கேட்டா ‘பாட்டு எப்பப்பா ஆரம்பிக்கும்’னு தோணும். அது உங்க காதோட பிரச்சனை இல்ல. அந்த இடம் டிஜேவோட கைக்காக விட்ட இடம்.

சரி, இப்ப எண்ணிப் பழகுவோம். மிருதங்கம் கத்துக்காதவங்களுக்கும் ‘தகிட’, ‘தகதிமி’ தெரியும். தகிடன்னா மூணு, தகதிமின்னா நாலு. நம்ம டப்பாங்குத்து தகிட குடும்பம். காலைக் கொஞ்சம் நொண்டி நொண்டி ஆட வைக்குதே, அது அந்த மூணோட வேலை. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையின் பைலாவும் இதே குடும்பம். எங்க தெருவுல கல்யாண வீட்டுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டினா ‘சுராங்கனி’ போடாம இறக்க மாட்டாங்க. மீன் கொண்டுவந்திருக்கேன்னு ஒரு பொண்ணுக்கிட்ட சொல்ற பாட்டு. மீனவர் ஊருக்குப் பிடிக்காம போகுமா?

அந்தப் பாட்டை நம்ம பக்கம் பரப்பினவர் சிலோன் மனோகர்னு அறியப்பட்ட ஏ.ஈ. மனோகரன். 1977-ல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்துல இளையராஜா இசையிலயும் அது வந்தது. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை தென்கோடி மாவட்டங்கள்ல எவ்வளவு தெளிவா கேட்கும்னு உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட கேளுங்க. அலை மட்டும் இல்ல, ஆளும் போய் வந்த பாதை இது. 1914-ல் தனுஷ்கோடி வழி திறக்கும்வரை, கொழும்புக்குப் போறவங்க ரயில்ல தூத்துக்குடி வந்து கப்பல் ஏறினாங்க. வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் 1906-க்குப் பிறகு போட்டி போட்டதும் இதே தடத்துலதான்.

இப்ப அந்த ‘பைலா’ங்கிற பெயரைப் பிரிச்சுப் பாருங்க. ஆடுவது என்ற பொருள் கொண்ட போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது. 16-ம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் முத்துக்காக இந்த வளைகுடாவின் இரு கரைகளிலும் கால் வைத்தார்கள். எங்க பக்கம் பரதவர் கிறிஸ்தவத்துக்கு மாறியதும் அப்போதுதான். இலங்கைக்கு அவங்க ஆப்பிரிக்கர்களையும் கொண்டுபோனாங்க, அடிமைகளாகவும் படைவீரர்களாகவும். அந்த ஆப்பிரிக்க வழியினர் இன்னும் புத்தளம் பக்கம் சிறம்பையடியில் ஒரு சின்னச் சமூகமாக வாழ்றாங்க. ‘மஞ்சா’ என்ற பாட்டு வகையைப் பாடுறாங்க. பைலாவுக்கு மூத்த வடிவமான ‘கஃப்ரிஞ்ஞா’வின் பெயரிலேயே அவங்க இருக்காங்க. அந்தப் பெயரின் வேர்ச்சொல் இன்னைக்குத் தென்னாப்பிரிக்காவில் சகிக்க முடியாத வசை. 1940-கள்ல வாலி பாஸ்டியன்ஸ்னு ஒரு போலீஸ்காரர் இதைச் சிங்களத்தில் மேடைப் பாட்டாக்கினார். அப்புறம் பைலான்னா ஜாலி, பார்ட்டி, அவ்வளவுதான். புத்தளத்து ஆட்கள் பெயருக்கு அடியில புதைஞ்சு போனாங்க.

இதை ஞாபகத்துல வச்சுக்கிட்டு அமெரிக்காவுக்கு வாங்க. அங்கயும் இதேதான் நடந்தது.

1979 ஜூலை 12. சிகாகோவில் ஒரு பேஸ்பால் மைதானம். ரெண்டு ஆட்டத்துக்கு நடுவுல ஒரு வானொலி அறிவிப்பாளர் பெட்டி நிறைய டிஸ்கோ இசைத்தட்டுகளை வெடிவச்சுத் தகர்த்தார். கூட்டம் மைதானத்துக்குள்ள இறங்கி ரகளையாகி, ரெண்டாவது ஆட்டமே நடக்கல. டிஸ்கோ பெரும்பாலும் கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்கர், தன்பால் ஈர்ப்பாளர் கிளப்புகளில் வளர்ந்த இசை. வெறுப்பு பாட்டு மேல மட்டும்தானா இருந்துச்சுன்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க.

அதே சிகாகோவில் ‘வேர்ஹவுஸ்’ என்ற கிளப். 1977-லிருந்து ஃபிராங்கி நக்கிள்ஸ் அங்கே டிஜே. வெளியே டிஸ்கோ செத்துப்போச்சுன்னு சொல்லிக்கிட்டிருக்கும்போது, உள்ளே அவர் பழைய டிஸ்கோ தட்டுகளை வெட்டி ஒட்டி, அடியை நீட்டி ஓட்டிக்கிட்டிருந்தார். அந்தக் கிளப் பெயரின் பின்பாதிதான் ‘ஹவுஸ்’. அடுத்து ஊர்ப் பசங்க மலிவான டிரம் மெஷினை வச்சுத் தாங்களே பாட்டு செய்ய ஆரம்பிச்சாங்க. ஜெஸ்ஸி சாண்டர்ஸின் ‘ஆன் அண்ட் ஆன்’ 1984-ல் வந்தது. முதல் ஹவுஸ் ரெக்கார்டுன்னு பலர் அதைத்தான் சொல்வாங்க.

ஹவுஸை எப்படிக் கண்டுபிடிக்கிறது? தகதிமியில் நாலு எழுத்துக்கும் நாலு அடி, ஒண்ணுகூட விடாம. ஃபோன்ல ஸ்டாப்வாட்ச் எடுத்துக்கிட்டு 15 நொடிக்கு அடியை எண்ணுங்க. 30, 32 வந்தா நிமிஷத்துக்கு 120-லிருந்து 128. அது ஹவுஸோட நடை. இதைத்தான் பிபிஎம்னு சொல்றாங்க. அடிக்கு நடுவுல ‘ட்ஸ்’னு ஒரு சிம்பல் வரும், பெரும்பாலும் ஒரு குரல் இருக்கும், சர்ச்சில் பாடிப் பழகின மாதிரி ஒரு உருக்கம் இருக்கும்.

டெக்னோ பக்கத்து வீட்டுப் பையன். கார் தொழிற்சாலை நகரமான டெட்ராய்ட், அதையொட்டிய பெல்வில் பள்ளியில் படிச்ச மூணு கறுப்பின நண்பர்கள்: ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன். ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுவைக் காதலிச்சவங்க. 1988-ல் பிரிட்டனில் வெளியான ஒரு தொகுப்போட தலைப்பிலேயே ‘டெக்னோ’ இருந்தது, பெயர் நிலைச்சுப்போச்சு. இங்கயும் நாலு அடிதான், ஆனா குரல் குறைவு, உருக்கம் குறைவு, இரும்பு அதிகம். வேகமும் கொஞ்சம் கூட. பின்னாடி பெர்லின் இதைத் தத்தெடுத்துக்கிட்டதால நிறைய பேர் டெக்னோ ஜெர்மன் சரக்குன்னே நினைக்கிறாங்க.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. மெஷின்.

ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980-ல் டிஆர்-808 என்ற டிரம் மெஷினையும், அடுத்த வருஷம் டிபி-303 என்ற சின்ன வெள்ளிநிறப் பெட்டியையும் கொண்டுவந்தது. 303-ஐச் செஞ்ச நோக்கம், கிட்டார் பழகுறவருக்குப் பக்கவாத்தியமா பேஸ் கிட்டார் வாசிக்கணும்னு. அந்த வேலைக்கு அது லாயக்கே இல்ல. பேஸ் கிட்டார் மாதிரி கேக்காம, தண்ணிக்குள்ள ஏதோ பிராணி புலம்புற மாதிரி கேட்டது. விற்கல. 1984-லேயே தயாரிப்பை நிறுத்தினாங்க, பழைய சாமான் விலைக்கு வந்துச்சு. அப்படி மலிவா கிடைச்சதாலதான் சிகாகோவில் ஃப்யூச்சர் என்ற மூணு பேர் குழு கையில அது சிக்கியது. அவங்க அதோட குமிழ்களை ஓடும்போதே திருகினாங்க. 1987-ல் ‘ஆசிட் டிராக்ஸ்’ வெளியானது. நெளிஞ்சு நெளிஞ்சு வழுக்கிக்கிட்டே போற அந்தச் சத்தம் இருந்தா அது ஆசிட் ஹவுஸ்.

ஆனா அதுக்கு ஐந்து வருஷம் முன்னாடி, 1982-ல், மும்பையில் சரண்ஜித் சிங்னு ஒரு ஸ்டுடியோ கலைஞர். இந்திப் படப் பாட்டுகளுக்கு வாசிச்சவர், கல்யாணக் கச்சேரிகளும் செஞ்சவர். அதே 303, அதே 808, கூட ஜூபிடர்-8 சின்தசைசர். பத்து ராகங்களை எடுத்து டிஸ்கோ அடிமேல வாசிச்சு ஒரு ஆல்பம் போட்டார். ஆல்பத்தோட தலைப்பும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்லுது. யாரும் சீண்டல. 2010-ல் மறுவெளியீடு வந்தப்பத்தான் உலகம் அதிர்ந்தது: சிகாகோவுக்கு முன்னாலயே இது ஆசிட் ஹவுஸ் ஆச்சே! சிலர் போலின்னுகூட சந்தேகப்பட்டாங்க. வயசான காலத்துல அவர் ஐரோப்பிய மேடைகள்ல அதை வாசிச்சார், 2015-ல் காலமானார்.

‘ஆசிட் ஹவுஸை இந்தியன்தான் கண்டுபிடிச்சான்’னு வாட்ஸ்அப்ல சுத்துறதை நான் ஒத்துக்கல. சரண்ஜித் சிங்குக்கு அந்த மெஷின்ல பிடிச்சது வேற. 303-ல் ஒரு சுரத்துலேர்ந்து இன்னொரு சுரத்துக்கு வழுக்கிப் போகலாம். ராகம் தெரிஞ்ச காதுக்கு அது கமகத்தோட சாயல். அவர் ராகம் வாசிக்க ஒரு பெட்டியைக் கண்டுபிடிச்சார். சிகாகோ பசங்க ஆடறதுக்கு ஒரு சத்தத்தைக் கண்டுபிடிச்சாங்க. ஒரே பெட்டி, ரெண்டு விலாசம். அவர் தட்டைச் சுத்தி ஆட ஒரு கூட்டமும் ஒரு கிளப்பும் இருந்திருந்தா கதை மாறியிருக்கலாம். ஒரு இசைவகை உருவாகத் தனி மனுஷன் போதாது, ஒரு அறை வேணும்.

‘மெஷின்ல வர்றதெல்லாம் இசையா’ன்னு கேக்கிற மாமாக்களுக்கு ஒரு சின்ன விலகல். எங்க ஊர்ப்பக்கம் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் முடிஞ்சது. 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி விஞ்ஞானிகள் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினாங்க. சிப்பிக்குள்ள மனுஷக் கை ஒரு சின்ன மணியை வைக்கும். அதுமேல பளபளப்பைப் பூசுறது சிப்பியேதான். அது போலி முத்து இல்ல. நகைக்கடைக்காரரும் அப்படித்தான் சொல்வார், விலை மட்டும் வேற. 808-ம் அந்த மாதிரிதான். உண்மையான டிரம் மாதிரி இல்லைன்னு அன்னைக்குத் திட்டினாங்க. இன்னைக்கு நம்ம கார் கண்ணாடியை அதிர வைக்கிற அந்த நீளமான ‘பூம்’ அதோட வாரிசு.

தமிழ்ல இந்த மெஷின்கள் கிளப் வழியா வரல, சினிமா ஸ்டுடியோ வழியா வந்துச்சு. 1986-ல் ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா கம்ப்யூட்டர் சீக்வென்சர் பயன்படுத்தினது அப்போ பெரிய பேச்சு. அவர்கிட்ட கீபோர்டு வாசிச்ச திலீப், 1992-ல் ‘ரோஜா’வோட ஏ.ஆர். ரஹ்மானா வந்தார். அதனால நம்ம தலைமுறைக்கு டெக்னோ சத்தம் தியேட்டர்ல அறிமுகம். யார் ஆடின இசைன்னு தெரியாமலே ஆடினோம். இதுல வருத்தப்பட ஒண்ணுமில்ல, ஆனா தெரிஞ்சுக்கிட்டா நல்லது.

ட்ரான்ஸுக்கு வருவோம். 1990-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் தனி வகையா திரண்டது. நாலு அடி அப்படியே, வேகம் 130-க்கு மேல. நீளமா மேல ஏறிக்கிட்டே போய், ஒரு இடத்துல அடி முழுசா நின்னு, மிதந்து, திரும்ப இறங்கும். அதே காலத்துல கோவாவின் அஞ்சுனா கடற்கரையில இதுக்கு ஒரு முரட்டு உறவுக்காரன் வளர்ந்தது: கோவா ட்ரான்ஸ். சான்பிரான்சிஸ்கோவிலிருந்து வந்து அங்கேயே தங்கின கோவா கில் மாதிரி ஆட்கள் விடிய விடிய வாசிச்சாங்க. கடற்கரை வெயிலுக்கும் புழுதிக்கும் இசைத்தட்டு தாங்காது, அதனால டிஜிட்டல் ஒலிநாடாவில் பதிஞ்சு கொண்டுவந்து போட்டாங்க. நிமிஷத்துக்கு 140-ஐத் தாண்டின அடி, சுருள் சுருளா பின்னிப் போற சுரங்கள். இன்னைக்கு ‘சைட்ரான்ஸ்’னு இஸ்ரேல்லயும் பிரேசில்லயும் ஓடுறது இதோட பிள்ளை. பெயர்ல இந்திய ஊர் இருக்கு, உண்மைதான். ஆனா அந்த மணல்ல டீ வித்த அஞ்சுனா பெண்களுக்கு அந்த இசையில என்ன பங்கு கிடைச்சதுன்னு கேட்டா, அந்த ‘கோவா’ ஒரு ஊரை விட ஒரு சுற்றுலா போஸ்டர் மாதிரிதான் எனக்குத் தெரியுது.

இதுவரை எல்லாமே தகதிமி நாலடி. இப்ப அது உடையுது.

1969-ல் தி வின்ஸ்டன்ஸ்னு ஒரு அமெரிக்கக் குழு போட்ட ‘ஆமென், பிரதர்’ பாட்டின் நடுவுல, டிரம்மர் கிரிகரி கோல்மன் தனியா ஏழு நொடிக்குள்ள ஒரு வாசிப்பு வாசிச்சார். 1990 வாக்கில், லண்டனில் ஜமைக்கா வழிவந்த சவுண்ட் சிஸ்டம் பழக்கத்துல வளர்ந்த பசங்க அதைச் சாம்ப்ளர்ல ஏத்தி, வேகமாக்கி, துண்டு துண்டா நறுக்கி மாத்தி அடுக்கினாங்க. மேல டிரம் வெறிபிடிச்ச வேகம், கீழ பேஸ் ரெகே மாதிரி பாதி வேகத்துல நிதானமா நடக்கும். அதுதான் ஜங்கிள், கொஞ்சம் மெருகேறி டிரம் அண்ட் பேஸ் ஆச்சு. 15 நொடிக்கு எண்ணினா 40-க்கு மேல வரும், அடி சீரா விழாம சிதறும். கண்டுபிடிக்க ரொம்ப சுலபமான வகை இதுதான். அந்த ஏழு நொடியை ஆயிரக்கணக்கான பாட்டுகள் பயன்படுத்தியிருக்கு. கோல்மனுக்கு ஒரு சல்லிக்காசு ராயல்டி வரல. 2006-ல் வீடில்லாத நிலையில் இறந்தார்.

டப்ஸ்டெப்பும் லண்டன்தான், 2000-த்தின் தொடக்கம், கிராய்டன் பகுதி. வேகம் 140, ஆனா அடி பாதியாத்தான் விழும். அதனால மெதுவா கேக்கும், வயித்துல கேக்கும். 2010 வாக்குல அமெரிக்கத் திருவிழா மேடைகள் இதையெல்லாம் எடுத்து, ஏத்தி ஏத்தி ஒரு ‘டிராப்’ல போட்டு உடைக்கிற பாணியாக்கி, ‘இடிஎம்’னு லேபிள் ஒட்டினாங்க. உங்க ஆப்ல முதல்ல வர்றது அதுதான்.

நம்ம ஆட்கள் இந்த வரைபடத்துல எங்கேன்னு கேட்டா, மாயா அருள்பிரகாசம். எம்.ஐ.ஏ. லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போர் காரணமா 1986-ல் அகதியா லண்டன் திரும்பினவர். ரோலண்ட் எம்சி-505 என்ற ஒரே பெட்டியில முதல் பாட்டுகளைச் செஞ்சார். 2005-ல் ‘அருளர்’ வந்தது. அடுத்த ஆல்பம் ‘கலா’வுக்கு, 2007-ல் வெளியானது, சென்னை வந்து உறுமி மேளக்காரங்களைப் பதிவு செஞ்சார். ‘பேர்ட் ஃப்ளூ’ கேட்டுப் பாருங்க. உறுமியோட அந்த இழுத்து உரசுற முனகல் இருக்கே, வளைஞ்ச குச்சியைத் தோல்மேல தேய்ச்சு எடுக்கிறது, அது லண்டன் பேஸ் பக்கத்துல கொஞ்சமும் கூச்சப்படாம நிக்குது. வெளிநாட்டு விமர்சகர்கள் அதை என்ன வகைன்னு சொல்லத் தெரியாம திணறினாங்க. நமக்குத் தெரியும். சாவு வீட்டுலயும் கோயில் கொடையிலயும் கேட்டிருக்கோம். அதை வாசிக்கிறவங்களைச் சபாவுல உக்கார வைக்காம ‘குத்து’ன்னு ஒரே சொல்லில் ஒதுக்கினதும் நாமதான்.

அந்த நேயருக்கும், இதுக்குப் புதுசா வர்ற எல்லாருக்கும் ஒரு வேலை தர்றேன். நல்ல ஹெட்போன் வேணும், ஃபோன் ஸ்பீக்கர்ல பேஸ் கேக்காது. முதல்ல சரண்ஜித் சிங், உடனே ‘ஆசிட் டிராக்ஸ்’. அதே பெட்டின்னு காது சொல்லுதா பாருங்க. அப்புறம் ‘ஆமென், பிரதர்’ போட்டு நடுவுல வர்ற அந்த டிரம்மைப் பிடிங்க. அது கிடைச்சதும் ஏதாவது ஒரு 1994 ஜங்கிள் பாட்டுல அதைத் தேடுங்க. கடைசியா ‘பேர்ட் ஃப்ளூ’. ஒவ்வொண்ணுலயும் 15 நொடி எண்ணி, எத்தனை வந்துச்சுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. எண்ணிக்கை சரியா அனுப்புற முதல் அஞ்சு பேருக்கு, அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ மக்ரூன் வாங்கிட்டு வர்றேன்.